வெள்ளாடு பார்த்த மண்டபம்

கோயில் மண்டபத்துக்குள் ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெள்ளாட்டுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வாசலில் அதன் தாடி தெரிந்தாலே காவல்காரர் கம்பைத் தூக்கிவிடுவார். போன திருவிழாவில் சாமி மாலையைத் தின்ற ஆடாயிற்றே!

மண்டபத்திலேயே குடியிருக்கும் புறாவிடம், "உள்ளே எப்படித்தான் இருக்கும், சொல்லேன்" என்று கெஞ்சியது.

"பெரிய பெரிய தூண்கள்."

"தூணில் தழை உண்டா?"

"கல் தூணில் ஏது தழை? மேலே பார்த்தால் கூரை அவ்வளவு உயரம்."

"உயரத்தில் தழை?"

"உன்னிடம் போய்ச் சொன்னேனே!" என்று புறா கோபித்துக்கொண்டு பறந்தது. ஆட்டின் தொங்கிப்போன முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்காமல் திரும்பி வந்தது.

குளத்தங்கரையில் கழுவிவைத்த பெரிய பித்தளைக் குடம் ஒன்று சாய்ந்து கிடந்தது.

"இதற்குள் தலையை விடு. இப்போது மெதுவாகக் கத்து."

"ம்மே" என்றது ஆடு. அந்தச் சின்னக் குரல் குளிர்ந்த இருட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, பெரிதாகி, நாலா பக்கமிருந்தும் திரும்பி வந்தது. ஆடிக்கொண்டிருந்த வால் அப்படியே நின்றது.

"உள்ளே போனதும் எனக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றது புறா.

ஆடு தழையைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெகுநேரம் ஆகியும் தலையை வெளியே எடுக்கவும் இல்லை. கொம்பு மாட்டிக்கொண்டதோ என்று பதறிய புறா, வாலைக் கவ்வி இழுத்தது.

"இழுக்காதே!" என்றது குடத்துக்குள்ளிருந்து ஒரு மிகப் பெரிய குரல். "இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறேன்."