தட்டில் வைத்த பொட்டு

"நீ நின்னா போட்டோல வேற யாருக்கும் எடமில்லம்மா" என்று தினகர் சிரித்துக்கொண்டே சொன்ன அன்றைக்கே அம்சவேணி ராத்திரிச் சோற்றை விட்டாள். மகன் கல்யாணத்துக்குள் நாற்பது கிலோ இளைத்தும்விட்டாள். ஆனால் சதை மூடி வைத்திருந்ததெல்லாம் காலில் வெளியே வந்துவிட்டது. அவனைப் படிக்கவைக்க ஜவுளிக்கடையில் உட்காராமல் நின்ற இருபத்திரண்டு வருடமும் நீல நரம்பாக, முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடந்தது.

மணமேடையில் பாத பூஜைக்கு உட்கார்ந்த பிறகுதான், டாக்டர் கொடுத்த இறுக்கமான காலுறையைக் கழற்ற மறந்தது அவளுக்கு நினைவு வந்தது.

"சாக்ஸோட பண்ணப்படாதும்மா, கழட்டுங்கோ" என்றார் ஐயர்.

கழற்றினாள்.

"அய்யே, மண்புழு மாதிரி என்னடி அது!" என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

தினகர் காது சிவக்க, போட்டோகிராபரிடம் திரும்பினான். "அண்ணே, காலை விட்ருங்க. மொகம் மட்டும் போதும்."

சொம்பை உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றினான். விரல் படாமல் பூவைப் போட்டான். பாதத்தில் வைக்கவேண்டிய குங்குமத்தை, அவள் கால் வைத்திருந்த தட்டின் விளிம்பில் இரண்டு பொட்டாக வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

"அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ணுங்கோ."

அம்சவேணியின் கை அவன் தலைக்கு மேலே வந்து நின்றது. விரல்கள் விரியவில்லை.

"அம்மா, அப்படியே சிரிங்க" என்றார் போட்டோகிராபர்.

சிரித்தாள். ஒல்லியாக, அழகாகத்தான் இருந்தாள்.

"போடும்மா, நேரமாச்சு" என்றான் தினகர், நிமிராமலே.