மீதமிருந்த இரண்டு தட்டுகள்

மூளையில் ஒரு நரம்புச் செல் இன்னொன்றிடம் பேச, குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தைத் துளியாகக் கொட்டும். செய்தி போய்ச் சேர்ந்ததும், பக்கத்திலிருக்கும் கிளையா செல்கள் அதைத் துடைத்தெடுத்துவிடும். துடைக்காவிட்டால் நரம்புச் செல்கள் ஓயாமல் துடித்தே செத்துப்போகும். எங்கள் ஆய்வு எளிது. கிளையா செல்களை மருந்தால் முடக்கிவிட்டு, நரம்புச் செல்கள் சாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்போம்.

வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து ஆபரேஷனில் வெட்டியெடுத்த துண்டைப் பிரித்து ஐந்து தட்டுகளில் உயிரோடு வளர்த்தோம். மூன்றில் மருந்து விட்டாயிற்று.

இன்று அவருடைய மனைவி, கணவரை நடையில் உட்காரவைத்துவிட்டு, டாக்டர் அறை என்று நினைத்து எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு நோட்டு.

"ஆபரேஷனுக்கு அப்புறம் மூணே தடவைதான் வந்துச்சு மேடம். ஆனா முன்னைவிட மோசம். இனிமே வராதுல்ல?"

நோட்டில் மூன்று தேதிகள், மூன்று நேரங்கள். நாங்கள் மருந்து விட்ட அதே நிமிடங்கள்.

நோட்டை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மூணை வச்சு என்னம்மா சொல்ல முடியும்? இன்னும் ரெண்டு தட்டு இருக்குல்ல?"

எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, மருந்துக் குழாயை நான்காவது தட்டின் மேல் கொண்டுபோனேன். சொட்டு இன்னும் விழவில்லை.

வெளியே அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"என்னங்க, எதுக்கு நாற்காலிய இப்படி இறுக்கிப் பிடிச்சுக்கறீங்க? இன்னும் ஒண்ணும் வரலையே."