ஒட்டிக்கொண்டு வந்தது

மாணவி பேராசிரியரின் அறைக்குள் நுழைந்தாள். போன மாதம் இதே அறையிலிருந்துதான் அவளுடைய சீனியர் அக்கா வேலை பறிபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"வந்துச்சா?" என்றார் அவர், நிமிராமலே.

சோதனையில் எடுத்த படத்தை நீட்டினாள். அதில் கன்னங்கரேலென்று ஒரு கோடு.

அந்த ஆய்வகத்தில் ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்துக்குக் கொக்கி மாதிரி ஒன்றை மாட்டி வளர்ப்பார்கள். செல்லை அரைத்துக் கொக்கியைப் பிடித்து இழுத்தால் புரதம் வரும். அதைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆர்.என்.ஏ.வும் கூடவே வரும். அந்த ஆர்.என்.ஏ.தான் இந்தக் கோடு. பேராசிரியரின் பேரும் புகழும் இதன்மேல்தான் நின்றன.

"பாத்தியாம்மா! புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி ரெண்டும் எப்படி ஒட்டிக்கிட்டு வருது!" அவர் சிரித்தார். "உங்க அக்கா இதைப் போய், புரதம் இல்லாமலே தானா ஒட்டிக்கிட்டு வர்ற வெறும் அழுக்குன்னா. அதான் வீட்டுக்கு அனுப்பினேன். உனக்கும் அந்தச் சந்தேகம் உண்டா?"

"இருந்துச்சு சார். இப்போ இல்ல."

"சமத்து. எந்த ஈஸ்ட்ல எடுத்த?"



"கொக்கியே மாட்டாத ஈஸ்ட்ல சார். அதுல புரதத்தைப் பிடிச்சு இழுக்க வழியே இல்ல. ஆனாலும் கோடு வந்துடுச்சு."

சிரிப்பு நின்றது. அவர் மெதுவாக எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்டயாவது காட்டினியா?"

"அக்காகிட்ட மட்டும்தான் சார். ஒரு பிரதியோட இப்போதான் நம்ம நிறுவன இயக்குநர் ரூமுக்குள்ள போனாங்க."