மச்சினன் மோதிரம்

பாத்ரூமில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்தான்.

பின்னால் வெள்ளை டைல்ஸ். இந்த வீட்டில் துபாய் மாதிரித் தெரிகிற இடம் அது ஒன்றுதான். அதுவும் அவன் அனுப்பிய காசில் ஒட்டியது.

கம்பெனிச் சட்டையைப் போட்டிருந்தான்.

கம்பெனிதான் இல்லை. இழுத்து மூடிவிட்டு எல்லாரையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அவன் வந்து ஒரு வாரமாகிறது. தெருவில் யாருக்கும் தெரியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஹால். தங்கச்சி சுகந்தியின் கல்யாணத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அண்ணன் துபாயில் என்று கேள்விப்பட்டு வந்த சம்பந்தம்.

அப்பா வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார். யாராவது கேட்டால் பைப் உடைந்திருக்கிறதாம்.

"இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கடா. கல்யாணத்துக்கு லீவுல வந்த மாதிரி ஜம்முன்னு வந்து நில்லு."

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் உட்கார்ந்திருந்தான். இல்லையென்றால் போங்கடா நீங்களும் உங்க சம்பந்தமும் என்று கதவை உதைத்திருப்பான். பெரியப்பா சாவுக்கு வரவில்லை. சுகந்தி சடங்குக்கு வரவில்லை. இதையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

போனில் மாப்பிள்ளையின் அப்பா முகம் வந்தது.

"என்ன தம்பி, அங்க வெயில் எப்படி?"

"மண்டை காயுது மாமா."

அதில் பொய் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஹாலில் சிரித்தார்கள். சிரிப்பு முதலில் சுவர் வழியாக வந்தது. பிறகு போனில் வந்தது.

"உங்களுக்கு நாங்க மச்சினன் மோதிரம் போடணும்ல. விரல் அளவைச் சொல்லிருங்க. வர்றப்ப மாப்பிள்ளைக்கு ஒரு செயின் எடுத்துட்டு வாங்க, அந்த ஊர்ப் பவுன் மாதிரி வருமா? எங்க சொந்தம் பூரா உங்க பெட்டியைப் பாக்கத்தான் காத்துக்கிட்டு இருக்கு."

அவன் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா பேசினார்.

"அவனுக்கு லீவு கிடைக்காது சம்பந்தி. என் தம்பி மகன் இருக்கான். மோதிரத்தை அவன் விரலுக்கே எடுத்துருங்க."

வெறுங்கையோடு வந்து நிற்கிற துபாய்க்காரனைவிட, வராத துபாய்க்காரன் மேல். அப்பாவுக்கு அது அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அவனுக்கும்தான்.

அதே வார்த்தைகள் போனில் வந்து சேர்வதற்குள் முகத்தைச் சரிசெய்துகொண்டான்.

"ஆமா மாமா. மேனேஜர் விடமாட்டேங்கிறான்."

"பாவம்," என்றாள் யாரோ ஒரு அம்மாள். "கூடப் பொறந்தவ கல்யாணத்தைப் பாக்கக்கூட கொடுத்து வைக்கல. அப்படி என்னத்த சம்பாதிச்சு."

சுகந்தி போனை வாங்கினாள். பட்டுச்சேலையில் பெரிய மனுஷியாக இருந்தாள்.

"அண்ணே," என்றாள். உதடு கோணியது.

"சிக்னல் சரியில்லம்மா," என்று சொல்லி போனை அணைத்தான்.

அவள் அழுவது கேட்டுக்கொண்டே இருந்தது.