ஐந்தாவது வீட்டில் பூவாயி

குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாறும் என்பார்கள். பூவாயி என்ற பூனையும் தன் ஒற்றைக் குட்டியைக் கவ்விக்கொண்டு நாலு வீடு மாறிவிட்டாள். குட்டியோ கண் திறந்து ஒரு மாதமாகியும், வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

ஐந்தாவது வீட்டுச் சாக்கு மூட்டைமேல் குட்டியை இறக்கியபோது, சுவரிலிருந்த பல்லி கேட்டாள். "ஏண்டி பூவாயி, எங்கே போனாலும் நீயே தூக்கிட்டுப் போனா, அவனுக்கு நாலு காலு எதுக்கு?"

"உனக்கென்ன, முட்டையப் போட்டுட்டு ஓடிடுறே. நாய் வந்தா நீயா பாப்பே?"

சொல்லிவிட்டாளே தவிர, பூவாயிக்குச் சுருக்கென்றது. இப்படிப் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தால், நாளைக்கு எலி பிடித்துப் பிழைப்பது எப்படி?

அன்று அவள் ஆறாவது வீடு தேடிப் போகவில்லை. குட்டிக்கு முதுகைக் காட்டிப் படுத்து, வாலை மட்டும் மெல்ல ஆட்டினாள். குட்டி உற்றுப் பார்த்தது. வால் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தது. குட்டி எழுந்து, தள்ளாடி நடந்து, ஒரே பாய்ச்சலில் வாலைக் கவ்வியது. ஊசிப் பல் நறுக்கென்று இறங்கியது.

"அப்படித்தாண்டா ராசா," என்றாள் பூவாயி, கண்ணில் நீர் முட்ட. பிறகு கொஞ்சம் நகர்ந்து படுத்து, வாலை இன்னும் ஒரு முழம் தள்ளி நீட்டினாள்.