மொய்நாக் சொன்ன பதில்

"ஊசியைப் போட்டு முடிச்சிடுங்க டாக்டர். பச்சைக் குழந்தை மூஞ்சியில பல்லை வச்ச நாய் இனிமே எங்க வீட்டுக்கு வேண்டாம்."

சமால் மூச்சு வாங்காமல் பேசினாள். கன்றுக்குட்டி அளவு இருந்த மொய்நாக், வாய் கட்டப்பட்டு மேசைமேல் கிடந்தது. அதன் வெள்ளைக் கழுத்தைப் பிடித்தபடி நின்ற குல்யாஷ் தலை நிமிரவேயில்லை.

சமால் அவளுடைய தம்பி மனைவி. அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த சமாலின் மகள், நேற்று நாயின் முகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மொய்நாக் உறுமிக்கொண்டு பாய்ந்துவிட்டது. நல்லவேளை, கன்னத்தில் ஒரு கீறலோடு போயிற்று. தம்பி சாக்கென் துப்பாக்கியை எடுத்தேவிட்டான். ஒரே ஒரு நாள் பொறுக்கும்படி குல்யாஷ்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

மலைக்கு அந்தப் பக்கத்துக் கால்நடை டாக்டரிடம் போகத்தான் நினைத்தாள். கணவாயைப் பனி அடைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் இங்கே வந்தாள்.

"குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சா?" என்று முதலில் கேட்டார் டாக்டர் ஓராஸ்.

"ஒண்ணு போட்டாச்சு. இன்னும் பாக்கி இருக்கு" என்றாள் சமால்.

"எலும்பு போட்டா கடிக்குதா?"

"முன்ன மாதிரி இல்ல" என்றாள் குல்யாஷ், தரையைப் பார்த்துக்கொண்டே. "வாயில எடுக்கும், கீழ போட்டுடும். வயசாகுதுன்னு விட்டுட்டேன்."

"ஏழு வயசெல்லாம் ஒரு வயசா?"

மயக்க மருந்தைச் செலுத்திவிட்டுக் காத்திருந்தார். இடுப்பில் கைக்குழந்தையோடு டாக்டரின் மனைவி உள்ளிருந்து வந்து, பால் கலந்த தேநீரையும் எண்ணெயில் பொரித்த மாவுருண்டையான பவுர்சாக்கை ஒரு தட்டிலும் வைத்துவிட்டுப் போனாள். "குளிர்ல வந்திருக்கீங்க, சூடா குடிங்க." குல்யாஷ் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

சமால் பவுர்சாக்கைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டே தொடர்ந்தாள்.

"அக்காவுக்கு இந்த நாய்னா சாமி மாதிரி டாக்டர். செத்துப்போன அவங்க வீட்டுக்காரர் வளர்த்ததாச்சே. அவர் போனப்புறம் யாரோ ஒருத்தர் அக்காவைக் கட்டிக்கறேன்னு பெரியவங்களோட வந்தாராம். நான் அப்ப இந்த வீட்டுக்கு வரல. அக்காவுக்கும் ஆளைப் பிடிச்சுதான் இருந்துச்சாம். ஆடு கூட அடிச்சு வச்சிருந்தாங்களாம்னா பாத்துக்கங்க! வாசல்லயே இது அவர் கையைக் கவ்விடுச்சாம். 'மொய்நாக் ஆளைப் பாத்துதான் கடிக்கும், இவர் மனசுல ஏதோ கள்ளம் இருக்கு'ன்னு சொல்லி அக்கா கதவைச் சாத்திட்டாங்களாம். சரி, அந்த ஆள் மனசுல கள்ளம். என் பொண்ணு மனசுல என்ன கள்ளமாம்?"

"சமால், போதும்."

"உள்ளதைத்தானே சொல்றேன்?"

டாக்டர் வாய்க்கட்டை அவிழ்த்தார். நாயின் வாயைத் திறந்து விளக்கைத் திருப்பினார். வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இங்க வாங்க ரெண்டு பேரும்."

மேல்வரிசையில், இடதுபக்கப் பெரிய பல் வேர் வரை இரண்டாகப் பிளந்திருந்தது. ஈறு கறுத்துச் சீழ் கோத்து, கண்ணுக்குக் கீழே வரை வீங்கியிருந்தது. அந்த நாற்றத்தில் சமால் முக்காட்டின் நுனியால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"நமக்கு இப்படி ஒரு பல் இருந்தா ஊரையே கூட்டிடுவோம்" என்றார். "இதுங்க காட்டிக்காது. வாலை ஆட்டும், ஆட்டைக் காக்கும், ஓநாயைத் துரத்தும். அந்த இடத்துல கை பட்டா மட்டும் தாங்காது. அப்ப அது யார் கைன்னெல்லாம் பாக்காது."

பல்லைப் பிடுங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு துண்டாகத்தான் வந்தது. கட்டி உடைந்து, கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வற்றியது.

சமாலின் கோபம் எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை. மெல்லக் குனிந்து நாயின் நெற்றியைத் தடவினாள். "இவ்வளவு வலியை வச்சுக்கிட்டா எங்க வாசல்ல காவல் கிடந்தே? வாயைத் திறந்து சொல்லக் கூடாதா, முண்டமே!" என்று மூக்கை உறிஞ்சினாள். "இருங்க அக்கா, அவருக்கு ஒரு போன் பண்ணி, துப்பாக்கியை உள்ள வைக்கச் சொல்றேன்" என்று வெளியே ஓடினாள்.

அறையில் அவர்கள் இருவர் மட்டும். மொய்நாக் மயக்கத்தில் நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. குல்யாஷ் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ரொம்ப நாளா இந்த வலி இருந்திருக்குமா டாக்டர்?"

"மூணு வருஷத்துக்குக் குறையாது."

"பல்லைப் பாத்தா அவ்வளவு சரியாத் தெரியுமா?"

"பல்லைப் பாத்தா தெரியாது."

அவர் தொட்டிப் பக்கம் திரும்பிக் கை கழுவினார். குழாயை மூடிய பிறகும் திரும்பவில்லை.

"உங்களைக் கேட்டு வந்து உங்க வாசல்ல நின்னேனே, அன்னிக்கே அதுக்குக் கன்னம் வீங்கியிருந்துச்சு, குல்யாஷ். என்னன்னு பாக்கத்தான் கையை நீட்டினேன்."