பூட்டுச் சின்னம்

"அந்த வீட்டுப் பூட்டைத் திறந்தது இந்தக் கைதான்" என்று பூட்டுக்காரர் வலது கையை உயர்த்தியதும், தையல் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு மெஷின்களும் நின்றன. சாப்பாட்டு இடைவேளை. நூல்கண்டுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

கட்சி இல்லை, கொடி இல்லை. சட்டசபைத் தேர்தலில் சுயேச்சை. ஊரெல்லாம் பூட்டுத் திறந்து பிழைத்தவருக்குப் பூட்டுச் சின்னமே கிடைத்திருந்தது. கூட வந்த ஒரே தொண்டன், மனைவியின் தம்பி.

"ஒரு அதிகாரி வந்தாரு. கூட ரெண்டு போலீஸ். 'வாய்யா, ஒரு வீட்டைத் திறக்கணும்'னாரு. யாரு வீடு, எதுக்குன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. நாதாங்கியில உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு. திறந்து விட்டுட்டு, எங்க தொழில் வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கிட்டேன். பூட்டைத் திறக்கறவன் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கக் கூடாது. ஆனா காதைத் திருப்பிக்க முடியுமா? உள்ள ஒரு பொண்ணு கதறி அழுதா. கொஞ்ச நேரத்துல அவளை ஜீப்புல ஏத்திக் கொண்டுபோயிட்டாங்க."

இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். அது நடிப்பில்லை. அன்றிலிருந்து சாவிக்கொத்தைத் தொடும்போதெல்லாம் அவருக்கு அந்த அழுகை கேட்டது. அதையே கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோமே என்பது இப்போது அதற்கு மேல் உறுத்தியது.

"கடை வெச்சா ஒரு அதிகாரி, சுவர் வெச்சா ஒரு அதிகாரி. இருந்துட்டுப் போகட்டும். அவங்க அதிகாரம் தெருவோட நிக்கட்டும். நான் ஜெயிச்சா, சொந்தக்காரர் சம்மதம் இல்லாம எவனும் அடுத்தவன் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வருவேன்."

கைதட்டினார்கள். காஜா எடுக்கிறவள் எழுந்தாள். "எங்க வீட்டுப் பூட்டு ரொம்ப நாளா மக்கர் பண்ணுது. நீங்க ஜெயிச்சப்புறம் கூப்பிட்டா வருவீங்களா?"

"தோத்தா மறுநாளே வருவாரு" என்றான் மைத்துனன். கூடம் சிரித்தபடி சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தது.

அப்போதுதான் இன்னொரு பெண் அவர் அருகில் வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "அண்ணே, நீங்க சொன்னது பஸ் டிப்போவுக்குப் பின்னால, பச்சைக் கதவு வீடுதானே?"

பூட்டுக்காரர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பச்சைக் கதவைப் பற்றி அவர் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

"நீ... நீயாம்மா அது?"

"நான்தாண்ணே. அன்னிக்கு உங்க முதுகைத்தான் பாத்தேன். இன்னிக்குத்தான் முகத்தைப் பாக்கறேன்."

பெட்டியிலிருந்து இறங்கினார். இவளைக் கண்டால் இப்படிச் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த எதுவும் வரவில்லை. கை மட்டும் குவிந்தது.

"என்னை மன்னிச்சிடும்மா. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம உன் கதவைத் திறந்து விட்ட பாவி நான்."

"மாமா, அப்படியே நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று கிசுகிசுத்தான் மைத்துனன்.

"செருப்பால அடிப்பேன். போடா அந்தப் பக்கம்."

அவள் குவிந்த கைகளைப் பார்த்தாள். பிறகு அவர் சட்டையில் குத்தியிருந்த தகரப் பூட்டுச் சின்னத்தைப் பார்த்தாள்.

"சட்டத்துல சம்மதம் கேக்கணும்னீங்களே, யாரு சம்மதம்ணே?"

"வீடு யாரு பேர்ல இருக்கோ, அவங்க சம்மதம்."

"சரி. அன்னிக்கு அந்தப் பூட்டு எந்தப் பக்கம் தொங்குச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்னம்மா? வெளிப் பக்..."

பூட்டைப் பார்த்தாலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியவரின் கை, தானாகப் போய்ச் சட்டையிலிருந்த சின்னத்தை மூடிக்கொண்டது.

"போட்டது அந்த வீட்டுச் சொந்தக்காரர், என் புருஷன்ணே. அதிகாரியைக் கூப்பிட்டது நான்."